கூகுள் வழக்கும் கொழுந்து லொறியும்: சட்டக் கல்வி கேள்வி–பதில்

கேள்வி: உயர்தரத்தில் கலைப் பிரிவில் படிக்கிறேன். கூகுள் போன்ற கம்பனிகளின் ஏகபோகத்தைப் பற்றிக் கற்பிக்கும் சட்டப் பேராசிரியராக வர ஆசை. எங்கே தொடங்குவது? – வாசகி, ஹட்டன்

பதில்: நான்கு வருடச் சட்டமாணிப் பட்டத்தில். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் உண்டு. இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. விரிவுரையாளர் பதவிக்கு முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்தரம் இல்லாமல் போட்டியிடுவது கடினம். கடைசி வருடத்தில் விழித்துக்கொண்டால் போதாது. பிறகு தகுதிகாண் விரிவுரையாளர், முதுமாணி, கலாநிதி என்று போகும் நீண்ட பாதை. முதுமாணிக்கு பிரித்தானிய அரசின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். படிக்கவேண்டிய தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அதற்கு இப்போதே பழகுங்கள். பொருளியலையும் விடாதீர்கள்.

கேள்வி: சட்டம் படிப்பவருக்குப் பொருளியல் எதற்கு? – வாசகர், பண்டாரவளை

பதில்: ஏகபோகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் போட்டிச் சட்டம். அந்த வழக்கில் முதல் சண்டையே ‘எது சந்தை’ என்பதில்தான். உங்கள் ஊரிலேயே பாருங்கள். பறித்த தேயிலைக் கொழுந்து சாக்கில் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும், அன்றே தொழிற்சாலைக்குப் போகவேண்டும். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கிலோவுக்கு 5 வீதம் விலையைக் குறைத்தால் சிறு தோட்டக்காரர் வேறெங்காவது கொடுக்க முடியுமா? முடியாதென்றால் லொறி ஓடும் அந்த வட்டாரமே அவருக்குச் சந்தை, முழு இலங்கையும் அல்ல.

இங்கே தொழிற்சாலைக்காரர் வாங்குபவர். விற்கும் கம்பனி என்றால் இதே சோதனை, விலையை 5 முதல் 10 வீதம் கூட்டினால் ஆட்கள் விலகுகிறார்களா என்று பார்க்கும். கூகுள் தேடலுக்கோ நாம் காசு கொடுப்பதில்லை. பூச்சியத்தில் 5 வீதமும் பூச்சியம்தான். அதனால் தரம் குறைந்தாலும் ஆட்கள் விலகுகிறார்களா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. அதை அளப்பது பெரும் தலையிடி.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வேறு. ‘பெரிய கம்பனி, ஆகவே குற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டத்தின் கீழ் பெரிதாக இருப்பது மட்டும் குற்றமல்ல. 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததன் மையம், போன்களிலும் உலாவிகளிலும் தன் தேடலையே முன்கூட்டி வைக்கச் செய்த ஒப்பந்தங்கள். 2021இல் மட்டும் அதற்காகக் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டொலர்.

கேள்வி: இலங்கையில் இதற்கு வேலை இருக்கிறதா? – வாசகர், நுவரெலியா

பதில்: குறைவு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் கம்பனி இணைப்புகளையும் கவனித்தது. அதற்குப் பதிலாக வந்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் போட்டிக்கு எதிரான நடவடிக்கைகளை விசாரிக்க இடமுண்டு, இணைப்புகளைத் தடுக்க ஏற்பாடு இல்லை. ஆய்வுக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடைப்பது அரிது. ஒப்பிட இந்தியப் போட்டி ஆணையத்தின் தீர்மானங்களை எடுங்கள்: கூகுளின் போன் இயங்குதளமான அண்ட்ரொயிட் விவகாரத்தில் 2022 ஒக்டோபரில் அது கூகுளுக்கு விதித்த அபராதம் 1,337.76 கோடி இந்திய ரூபாய். ஆணையத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம்.