துனிசியாவில் தோற்றது யார்?

கேள்வி: 2011 கிளர்ச்சிக்குப் பிறகு அரபு நாடுகளில் துனிசியா மட்டும்தான் தேறியது என்றார்கள். இப்போது அங்கேயும் ஒரே ஆள் ஆட்சி. கிளர்ச்சியில் துரத்தப்பட்ட பழைய அதிபர் பென் அலி காலமே தேவலை என்று அங்கே சிலர் பேசுவதாகப் படித்தேன். அரபு மக்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. அந்த மக்கள் தலையில் இந்தப் பழியைப் போடாதீர்கள். 2010 டிசம்பர் 17 அன்று சீதி பூஸித் நகரில் தள்ளுவண்டி வியாபாரி முஹம்மது பூஅஸீஸி, தராசையும் சரக்கையும் அதிகாரிகள் பறித்துக்கொண்ட வேதனையில் அரசு அலுவலகத்தின் முன் தீக்குளித்தார். அடுத்த நான்கு வாரத்தில், 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி சவூதிக்கு ஓட வேண்டியதாயிற்று. 2013-இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டு நாடே கொந்தளித்தபோது, தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் மனித உரிமைக் கழகமும் வழக்கறிஞர் சங்கமும் சேர்ந்து கட்சிகளை உட்காரவைத்துப் பேசின. 2015-இன் நோபல் அமைதிப் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. ஜனநாயகம் ஒத்துவராதவர்கள் செய்கிற காரியமா இது?

கோட்டை விட்டது மக்கள் அல்ல, அவர்கள் நம்பி அனுப்பிய பிரதிநிதிகள். 2014 அரசியல் சாசனம் 12 பேர் கொண்ட ஓர் அரசியல் சாசன நீதிமன்றத்தை ஓராண்டுக்குள் அமைக்கச் சொன்னது. அதிபரும் நாடாளுமன்றமும் மோதிக்கொண்டால் யார் சொல்வது சட்டப்படி சரி என்று தீர்ப்பளிக்க வேண்டிய இடம் அது. நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டியது நான்கு பேரை. மொத்தமுள்ள 217 உறுப்பினர்களில் 145 பேரின் வாக்கு வேண்டும். உன் ஆள், என் ஆள் என்று கட்சிகள் இழுத்த இழுப்பில், ஆண்டுக்கணக்கில் முயன்றும் ஒரே ஒருவர்தான் தேறினார். 2019 ஜூனில் அதிபர் எஸ்ஸெப்ஸி கடும் நோயில் படுத்தபோதாவது புத்தி வந்திருக்க வேண்டும். பதவி காலியாகிவிட்டது என்று அறிவிக்க வேண்டிய நீதிமன்றமே இல்லையே என்று அன்றைக்கே நாடு பதறியது. அடுத்த மாதம் அவர் இறந்தார். நாடாளுமன்றத் தலைவர் அன்றே இடைக்கால அதிபராகி நிலைமையைச் சமாளித்தார். ஆபத்து தாண்டியதும் கட்சிகள் பழையபடி இழுபறியில் இறங்கின.

அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் வென்று வந்தவர்தான் கைஸ் சையத். அரசியல் சட்டம் கற்பித்த பேராசிரியர். ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? 2021-இல் வாக்கு வரம்பைக் குறைத்து எப்படியாவது நீதிமன்றத்தை அமைத்துவிட நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தபோது, கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்தார். ஜூலை 25 இரவு பிரதமரை நீக்கினார், நாடாளுமன்றத்தை முடக்கினார். இதற்கு அவர் காட்டிய சாசனத்தின் 80-ஆம் பிரிவோ, நெருக்கடி நேரத்திலும் நாடாளுமன்றம் கூடியே இருக்க வேண்டும் என்கிறது. முப்பது நாள் கழிந்ததும் நெருக்கடி நீடிக்கிறதா என்று அந்த நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்றும் சொல்கிறது. கேட்கத்தான் நீதிமன்றம் இல்லை. நாடாளுமன்ற வாசலை ராணுவம் அடைத்து நிற்க, நாடாளுமன்றத் தலைவர் ரஷீத் கன்னூஷி உள்ளே போக முடியாமல் காரிலேயே பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு தெருவில் இறங்கிக் கொண்டாடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கொரோனாவில் கொத்துக் கொத்தாகச் சாவு, ஆக்சிஜனுக்கு அலைச்சல், வேலை இல்லை, நாடாளுமன்றத்துக்குள் அடிதடி. யாராவது வந்து இதை நிறுத்த மாட்டார்களா என்று ஏங்கினார்கள். அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 2022-இல் 57 நீதிபதிகள் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு புதிய சாசனத்துக்கு நடந்த வாக்கெடுப்பில் பத்தில் மூன்று பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதுவும் 11 சதவீதமாகச் சரிந்தது. கன்னூஷி 2023 ஏப்ரலில் கைதானார். 2024 அதிபர் தேர்தலில் சையதுக்கு 90 சதவீத வாக்கு, போட்டியிட்டவர்களில் ஒருவர் சிறையில். ஒரே ஆள் ஆண்டால் ஆட்சி நிலையாக இருக்கும் என்பார்களே, அதுவாவது உண்டா? 2023 ஆகஸ்டில் ஒரு பிரதமர் நீக்கம், 2024 ஆகஸ்டில் அடுத்தவர், 2025 மார்ச்சில் அதற்கும் அடுத்தவர்.

சரி, பென் அலி காலம் தேவலையா? அன்றைய விலைவாசியை நினைத்து ஒருவர் அப்படிச் சொன்னால் அவர் வயிற்றுக் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த மனிதர் வந்த வழியையும் பாருங்கள். 1987 நவம்பர் 7 அன்று, ஆயுட்கால அதிபராக இருந்த பூர்கிபா ஆளத் தகுதியில்லாதவர் என்று ஏழு டாக்டர்களிடம் ராத்திரியோடு ராத்திரியாகக் கையெழுத்து வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். 1956-இல் விடுதலை பெற்ற நாட்டுக்கு 2011 வரை இரண்டே அதிபர்கள். ஒருவர்கூட மக்கள் ஓட்டால் இறங்கவில்லை. நீங்கள் ஒத்துவராது என்று சொல்கிற அந்தச் சில ஆண்டுகளில்தான், 2014 தேர்தலில் தோற்ற அதிபர் மர்சூக்கி, தன்னை வென்ற எஸ்ஸெப்ஸியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.