எஸ்.ஓ.பி.யை யார் எழுதுவது, எங்கே வைப்பது? – கேள்வி பதில்

தர மேலாண்மைதான் என் வேலை. தயாரிப்புத் தளம், கிடங்கு, அலுவலகம் எல்லாவற்றுக்கும் எஸ்.ஓ.பி. (ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் ஆவணம்) எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் எழுதியதைத் தணிக்கையும் செய்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: நாங்கள் சிறிய நிறுவனம். எல்லா வேலைக்கும் எஸ்.ஓ.பி. வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒருவர் விடுப்பில் போனால் எந்த வேலை நிற்கிறது? எந்த வேலையில் தவறு நடந்தால் பணமோ உடம்போ போகும்? எந்தச் சந்தேகத்தை ஒவ்வொரு வாரமும் யாராவது வந்து கேட்கிறார்கள்? இவற்றில் வருபவற்றை மட்டும் முதலில் எடுங்கள். பெரும்பாலும் ஒரு கை விரல்களில் அடங்கிவிடும்.

விலை பேசுவது, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது போன்றவற்றுக்குப் படிப்படியாக எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. 'இவ்வளவு தள்ளுபடி வரை நீங்களே முடிவெடுக்கலாம், அதற்கு மேல் இன்னாரிடம் கேளுங்கள்' என்று எல்லையைச் சொன்னால் போதும்.

கேள்வி: மேலாளர் எழுதிய எஸ்.ஓ.பி.யை யாரும் படிப்பதில்லை. உண்மையில் யார்தான் எழுத வேண்டும்?

அந்த வேலையைத் தினமும் செய்பவர். ஆனால் அவரிடம் பேனாவைக் கொடுத்து 'எழுதிக் கொடுங்க' என்று சொன்னாலும் வேலை நடக்காது. கை தேர்ந்தவர்கள் வாயால் சொல்லும்போது பாதிப் படிகளை விட்டுவிடுவார்கள். மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கை தானாகச் செய்வதால் அது ஒரு படி என்றே அவர்களுக்குத் தோன்றாது.

அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் 'ஏன்?' என்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களை வேகமாகத் தயார் செய்ய ஒரு பயிற்சித் திட்டம் நடத்தினார்கள். அதில் பயன்பட்ட தாளில் இருந்து பின்னாளில் வளர்ந்த வடிவம் இன்றைக்கும் உதவும். முக்கியமான படி, அந்தப் படியில் கவனிக்க வேண்டியது, அதற்கான காரணம் என்று மூன்றே பகுதிகள். பலர் காரணத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரியாதவர், அவசரம் வந்தால் முதலில் அந்தப் படியைத்தான் தாண்டுவார்.

அப்புறம் அதே வேலையைச் செய்யும் இன்னொருவரையும் பாருங்கள். இருவரும் வேறு வேறு மாதிரி செய்வார்கள், அநேகமாக நிச்சயம். எது சரி என்று இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் அந்த அரை மணி நேரத்தைத்தான் எஸ்.ஓ.பி. வேலையின் பெரிய லாபமாக நான் நினைக்கிறேன்.

வரைவு தயாரானதும், வேலை தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே எழுத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: எவ்வளவு விவரமாக எழுதுவது? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

கிடங்கில் சரக்கு இறக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். பல இடங்களில் நான் பார்த்த வரி இது: 'வந்த சரக்கை முறையாகச் சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளவும்.' இதைப் படித்து யாரும் எதையும் செய்ய முடியாது. முறையாக என்றால் எப்படி?

இப்படி எழுதலாம்:

1. கையெழுத்துப் போடும் முன், இறக்கிய பெட்டிகளை எண்ணி, டெலிவரி சலானில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடவும்.
2. நசுங்கிய, நனைந்த, டேப் பிரிந்த பெட்டி இருந்தால் திறப்பதற்கு முன் படம் எடுக்கவும். (திறந்த பின் எடுத்த படத்தை வைத்து, சேதம் வழியில் நடந்தது என்று காட்டுவது கடினம்.)
3. குறைவோ சேதமோ இருந்தால் சலானின் இரண்டு நகலிலும் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கவும்.
4. அதன் பிறகே வண்டியை அனுப்பவும்.

நான்கே வரிதான். யார் படித்தாலும் ஒரே மாதிரி செய்வார்கள். 'நன்றாக', 'தேவையான அளவு', 'உடனடியாக', 'அவ்வப்போது' ஆகிய சொற்களை உங்கள் ஆவணத்தில் தேடிப் பாருங்கள். அவை உள்ள இடங்களிலெல்லாம் ஓர் எண்ணோ, ஒரு நேரமோ, ஓர் ஆளின் பொறுப்போ விடுபட்டிருக்கும்.

கேள்வி: செக்லிஸ்ட் இருந்தால் எஸ்.ஓ.பி. தேவையில்லையா?

இரண்டும் வேறு. எஸ்.ஓ.பி. வேலையைக் கற்றுக்கொடுப்பது. செக்லிஸ்ட், வேலை தெரிந்தவருக்கு மறதி வராமல் பார்த்துக்கொள்வது. 1935 அக்டோபரில் போயிங்கின் மாடல் 299 விமானம் சோதனைப் பறப்பில் விழுந்தது. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள்தான். தரையில் நிற்கும்போது வால்பகுதியை அசையாமல் பிடிக்கும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானிகளுக்கான செக்லிஸ்ட் வழக்கமாக நிலைத்தது அதற்குப் பிறகுதான். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலும் இதே வகை. அதில் 19 அம்சங்கள்தான். எப்படி அறுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவருக்கு அது சொல்லித் தருவதில்லை.

உங்கள் செக்லிஸ்ட் இரண்டு பக்கத்துக்குப் போனால், எல்லோரும் வேலை முடிந்த பின் மொத்தமாக டிக் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐ.எஸ்.ஓ. 9001 (தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை) சான்றிதழுக்காகத் தரக் கையேடும் ஆறு நடைமுறை ஆவணங்களும் கட்டாயம் என்று ஆலோசகர் சொல்கிறார். சரியா?

பழைய கணக்கு. 2008 பதிப்பில் அந்த ஆறும் இருந்தன: ஆவணக் கட்டுப்பாடு, பதிவேடுகள், உள் தணிக்கை, தரம் தவறிய பொருள், திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கை. 2015 பதிப்பில் அந்தக் கட்டாயமும், தரக் கையேடு கட்டாயம் என்பதும் போய்விட்டன. எதை எழுதிவைத்தால் உங்கள் வேலை சரியாக நடக்குமோ, அதை நீங்களே தீர்மானிக்கலாம். மருத்துவக் கருவி தயாரிப்பவர்கள் மட்டும் கவனிக்கவும்: உங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 13485 தரக் கையேட்டை இன்னும் கேட்கிறது.

தணிக்கையாளர் பக்கங்களை எண்ணுவதில்லை. எழுதியதைச் செய்கிறீர்களா என்றுதான் பார்ப்பார். அதனால் செய்யாததை அழகுக்காக எழுதிவைத்தால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: எங்களிடம் கோப்புக் கோப்பாகக் காகிதமும், பலருடைய கணினியில் வேர்ட் ஃபைல்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிரைவில் போட்டால் டிஜிட்டல் ஆகிவிடுமா?

அலமாரி இடம் மிச்சமாகும், அவ்வளவுதான். முதலில் கழித்துக் கட்டுங்கள். ஒரே வேலைக்கு மூன்று ஆவணம் இருக்கும், மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும். அதைத் தீர்க்காமல் ஏற்றினால் குழப்பம் இன்னும் வேகமாகப் பரவும்.

அப்புறம் எந்த அளவுக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள். முதல் நிலை: ஆவணம் ஒரே இடத்தில், ஒரே பதிப்பாக, தேடினால் கிடைக்கும்படி இருப்பது. அடுத்தது: காகிதப் படிவத்துக்குப் பதில் கைபேசியில் நிரப்புவது. யார், எப்போது செய்தார் என்பது தானாகப் பதிவாகும். அதற்கும் மேலே: ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது திறக்கும், ஒப்புதல் தானாக உரியவரிடம் போகும். மூன்றாவதற்கு ஆசைப்பட்டுப் பணம் கட்டிவிட்டு, முதல் நிலையிலேயே தடுமாறும் நிறுவனங்கள் நிறைய. முதல் நிலையை ஒழுங்காகச் செய்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

அதற்கு வேண்டியவை எளிமையானவை. ஒவ்வொரு ஆவணத்தின் தலையிலும் எண், பதிப்பு, தேதி, பொறுப்பாளர் பெயர். எல்லோரும் படிக்கலாம், சிலர் மட்டுமே திருத்தலாம். பழைய பதிப்பை அழிக்காமல் தனியாக ஒதுக்கி வையுங்கள். பிரச்சினை வந்தால் 'அன்றைக்கு எது நடைமுறையில் இருந்தது?' என்று கேட்பார்கள்.

இயந்திரத்தில் கியூஆர் குறியீடு ஒட்டுவது நல்ல யோசனை. (1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் அது பிறந்ததே வாகன உதிரிப் பாகங்களைக் கண்காணிக்கத்தான்!) ஒரே எச்சரிக்கை: குறியீடு ஒரு குறிப்பிட்ட ஃபைலைத் திறக்கக் கூடாது, எப்போதும் புதிய பதிப்பு இருக்கும் பக்கத்தைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவணம் மாறியபின்னும் தயாரிப்புத் தளத்தில் எல்லோரும் பழையதையே படித்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: எந்த மென்பொருள் வாங்கலாம்?

கூகுள் டாக்ஸ், ஷேர்பாயின்ட், நோஷன் என்று ஏற்கெனவே கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். புதிதாக வாங்கினால், ஆவணங்களை மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா, திருத்த வரலாறு தெரியுமா, இணையம் இல்லாத இடத்தில் திறக்குமா என்று கேளுங்கள்.

மருந்துத் துறையில் இருந்து அமெரிக்காவுக்கு அனுப்புபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. மின்னணுப் பதிவு, மின்னணுக் கையெழுத்து குறித்து அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. யார் எதை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும், மென்பொருளே சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். சாதாரணப் பகிர்வு ஃபோல்டர் அங்கே செல்லாது.

கேள்வி: எழுதுவதற்குப் பதில் வீடியோ எடுத்துவிடலாமா?

கைவேலைக்கு வீடியோ அருமை. ஆனால் ஒரு படி மாறினால் முழுதும் மறுபடி எடுக்க வேண்டும். படிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, எழுத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: ஏ.ஐ.யிடம் எழுதச் சொல்லலாமா?

வேலை செய்பவர் பேசியதைப் பதிவு செய்து, அதை வரைவாக ஒழுங்குபடுத்தச் சொல்லலாம். நேரம் நிறைய மிச்சமாகும். 'கிடங்குக்கு ஒரு எஸ்.ஓ.பி. கொடு' என்று வெறுங்கையோடு கேட்டால், எந்தக் கிடங்குக்கும் பொருந்துவது போலத் தோன்றும், உங்கள் கிடங்குக்குப் பொருந்தாத ஒன்று வரும். வெப்பநிலை, அளவு, நேரம் போன்ற எண்களை ஒவ்வொன்றாக வேலை தெரிந்தவர் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: எழுதி, ஏற்றி, பயிற்சியும் கொடுத்தாயிற்று. மூத்த ஊழியர்கள் பின்பற்ற மறுக்கிறார்கள். என்ன செய்வது?

திட்டுவதற்கு முன் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு ஒரு முறை வேலையைப் பாருங்கள். எழுதியது தவறாக இருக்கலாம். சொன்ன கருவி அங்கே இல்லாமல் இருக்கலாம். அந்தப் படி நேரத்தைத் தின்று, அவருடைய அன்றைய இலக்கைக் கெடுக்கலாம். மூன்றும் இல்லை என்றால்தான் பேச்சை ஒழுக்கத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒருமுறை நடந்திருந்தால், எந்தச் சமாதானமும் எடுபடாது. நடக்கவில்லை என்றால், ஆவணத்தின் பொறுப்பாளராக அவர் பெயரையே போடுங்கள். அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரி மாறாது என்று தெரிந்தால் பலர் மாறிவிடுகிறார்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை திருத்த வேண்டும்?

ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொது வழக்கம். இயந்திரமோ மென்பொருளோ மாறினால் அன்றே. புது ஆள் சேரும் முதல் வாரம் இலவசத் தணிக்கை, அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். உள்ளே ஒன்றையும் படிக்காமல் தேதியை மட்டும் மாற்றுவது திருத்தம் ஆகாது.

கேள்வி: கணக்குப் பிரிவில் எல்லாம் தெரிந்த ஒருவர் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அவசரம்!

தினசரி வேலையை விடுங்கள், அது எப்படியும் பிடிபடும். மாதக் கணக்கு முடிப்பு அவர் இருக்கும்போது இரண்டு முறைதான் வரும். முதல் முறை அவர் செய்யட்டும், அடுத்து வரப்போகிறவர் பக்கத்தில் இருந்து எழுதட்டும். இரண்டாம் முறை புதியவர் எழுதியதை வைத்துச் செய்யட்டும், மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைகள்தான் ஆபத்து. இந்த இரண்டு மாதத்தில் அவை வராது. போன ஆண்டுக் கணக்கு முடிப்பு சமயத்தில் அவர் அனுப்பிய, பெற்ற மின்னஞ்சல்களைத் தேதி வாரியாகத் திறந்து, 'இது ஏன், யாருக்கு, அடுத்து என்ன?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். எந்தெந்த இணையதளத்தில் அவர் பெயரில், அவர் கைபேசி எண்ணில் உள்நுழைவு இருக்கிறது என்ற பட்டியலையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். ஓடிபி அவர் எண்ணுக்குத்தானே போகும்.