குடகுக்குக் கிடைத்த விடுப்பு

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் ஃபிராங்க் சர்ச்சிலை எம்மா ‘ஏமியபிள்’ (amiable, இனிய குணமுள்ளவன்) என்று புகழ்கிறாள், அவள் குடும்ப நண்பர் நைட்லி மறுக்கிறார். ஒரே சொல் இருவருக்கு இரண்டு பொருள் தருவது எப்படி? நைட்லி பொறாமையால்தான் அப்படிப் பேசுகிறாரா? போன மாதம் நண்பர்களோடு குடகுக்குப் போனபோது படித்து முடித்தேன். அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சையும் அதே மாதம்தான். விடுப்புக் கிடைக்காததால் ஊருக்குப் போக முடியவில்லை. தினமும் போனில் அன்பாகப் பேசிவிடுகிறேன். சொட்டு மருந்தைப் பக்கத்து வீட்டுப் பையன் போட்டுவிடுகிறான்.
- வாசகர், பெங்களூரு

பதில்: நைட்லி பொறாமைப்பட்டது உண்மைதான், பின்னால் ஆஸ்டினே அதைச் சொல்லிவிடுகிறார். அதனால் அவருடைய வாதம் பொய்யாகிவிடாது. 1815 டிசம்பரில் வெளிவந்த அந்த நாவலின் பதினெட்டாம் அத்தியாயத்தில், தந்தை மறுமணம் செய்து மாதங்கள் கடந்தும் நேரில் வராமல், சிற்றன்னைக்கு அழகாக ஒரு கடிதம் மட்டும் எழுதிய மகன் ஃபிராங்கைப் பற்றியே பேச்சு நடக்கிறது. எம்மாவுக்கு அந்தச் சொல், வளர்த்தவர்களை எதிர்த்துப் பேச மனம் வராத இனிய சுபாவத்தைக் குறிக்கிறது. நைட்லியோ, அவன் பிரெஞ்சு மொழியில் மட்டுமே ‘எமாபிள்’, ஆங்கிலத்தில் இல்லை என்று அடித்துச் சொல்கிறார். நயமான பழக்கமும் இதமான பேச்சும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் போதும், ஆங்கிலச் சொல்லுக்கோ பிறர் மனம் நோகுமே என்று உணர்ந்து நடக்கும் பண்பு வேண்டும் என்பது அவர் கட்சி. 1813இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலிலும் நாயகி எலிசபெத், விக்கம் என்ற இளைஞனின் முகத்தைப் பார்த்தே அவனுக்கு இதே சொல்லைச் சூட்டி, பிறகு வெட்கப்பட நேர்கிறது.

உங்கள் கேள்வியைவிட உங்கள் கடிதம்தான் என்னை உறுத்துகிறது. குடகுக்கு விடுப்புக் கிடைத்திருக்கிறதே! ஃபிராங்கை, அவனை வளர்த்த மாமி விடமாட்டாள் என்று எம்மா பரிந்து பேசும்போது, சில காலம் முன்பு அவன் வேமத் கடற்கரையில் பொழுதுபோக்கிக்கொண்டிருந்ததை நைட்லி எடுத்துக்காட்டுகிறார். அந்த வரியைக் குடகில் உட்கார்ந்து படித்த உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

கண்புரை எடுத்தவருக்கு ஒரு நாளில் பலமுறை மருந்து விட வேண்டும். தலையைச் சாய்த்து, கீழ் இமையை ஒருவர் விரலால் இழுத்துப் பிடிக்க, துளி விழும்வரை அசையாமல் இருக்க வேண்டும். பெற்ற மகன் இருக்க, உங்கள் அப்பா ஒவ்வொரு வேளையும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் வருகைக்காகக் காத்திருந்திருக்கிறார். போனில் இனிக்க இனிக்கப் பேசியதை அதற்கு ஈடாகக் கணக்கெழுதாதீர்கள். பெற்றோர் படுத்திருக்கும்போது அருகில் இருப்பது பிள்ளையின் வசதியைப் பொறுத்த காரியம் என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஃபிராங்க் தன் மாமியிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் நைட்லி அங்கேயே சொல்லிக்காட்டுகிறார்: என் உல்லாசத்தை மட்டும் விடுவதென்றால் உங்களுக்காக எப்போதும் விடுவேன், ஆனால் அப்பாவை உடனே பார்த்தாக வேண்டும், நாளை புறப்படுகிறேன். உங்கள் மேலதிகாரியிடம் நீங்களும் அவ்வளவு நேராகப் பேசுங்கள். மற்றக் கண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை உண்டா என்று அப்பாவிடம் இன்றே கேட்டு, உண்டென்றால் அந்த வாரம் முழுவதற்கும் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுங்கள்.