ஐ.ஜி.ஜி. குறைவு: பிறவிக் குறைபாடா, மருந்தின் விளைவா?

பெரம்பூர்ச் சகோதரிக்கு வணக்கம். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை நிமோனியா கண்ட உங்கள் கணவருக்கு எச்.ஐ.வி. இல்லை, ஆனால் கிருமிகளை எதிர்க்கும் இரத்தப் புரதமான (ஆன்டிபாடி) ஐ.ஜி.ஜி. குறைவு, இது பிறவிக் குறைபாடா என்று கேட்டிருக்கிறீர்கள். வலிப்புக்காக அவர் ஃபெனிடாயின் சாப்பிடுவதாகப் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்த மருந்தே சிலருக்கு இம்யூனோகுளோபுலின் (ஐ.ஜி.ஜி. போன்ற ஆன்டிபாடிகள்) அளவைக் குறைத்துவிடும். தயவுசெய்து நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள், நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அடுத்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமும் சேர்ந்து குறைந்திருந்தால், உடல் புரதத்தை இழந்துகொண்டிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். லிம்போமா போன்ற இரத்தப் புற்றுகளையும் விலக்க வேண்டும். நம் ஊரில் மீண்டும் மீண்டும் வரும் நிமோனியாவுக்குச் சளியில் காசநோய்ச் சோதனையும் அவசியம்.

இவை எதுவும் இல்லாமல், மறுசோதனையிலும் ஐ.ஜி.ஜி. மிகவும் குறைந்து, ஐ.ஜி.ஏ. அல்லது ஐ.ஜி.எம். என்ற மற்ற ஆன்டிபாடி வகைகளின் அளவும் குறைந்து, நிமோனியாக் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி போட்ட சில வாரங்களுக்குப் பிறகும் போதிய ஆன்டிபாடி உருவாகவில்லை என்றால்தான், பெரியவர்களிடமும் வெளிப்படும் சி.வி.ஐ.டி. (மருந்தாலோ வேறு நோயாலோ வராத நோயெதிர்ப்புக் குறைபாடு) என்று முடிவுக்கு வருவார்கள். இந்தத் தடுப்பூசிச் சோதனையை, சிகிச்சையாக இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஏற்றிய பின் எடுத்தால் இரத்தம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடிதான் அறிக்கையில் தெரியும்.