ரியோகானில் ஓர் இரவு: சைவ உணவுக்கும் கூச்சத்துக்கும் வழி உண்டா?

கேள்வி: நானும் மனைவியும் அம்மாவும் ஏப்ரலில் டோக்கியோ, கியோட்டோ பார்க்கப் போகிறோம். நடுவில் ஓர் இரவு, வெந்நீர் ஊற்று உள்ள பாரம்பரிய ரியோகான் விடுதியில் தங்க ஆசை. மூவரும் சுத்த சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. அந்நியர் முன் ஆடையின்றிக் குளிக்க மூவருக்குமே கூச்சம். இந்த நிலையில் இவ்வளவு செலவழித்துத் தங்குவது சரியா? எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?
- கோவை வாசகர்

பதில்: தாராளமாகத் தங்கலாம். உங்கள் மூன்று கவலைகளில் கூச்சத்துக்கு எளிதில் வழி உண்டு, முழங்காலுக்கு அதைவிட எளிதில் உண்டு. சாப்பாடுதான் உண்மையான சிக்கல். அதைப் பணம் கட்டும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். போய் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பத்துப் பன்னிரண்டு கிண்ணங்கள் வரிசையாக வந்தும் அம்மா வெறும் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுந்திருப்பார்.

ரியோகானின் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. அதில் இரவு உணவும் மறுநாள் காலை உணவும் சேர்ந்தே வரும். நடுத்தர விடுதிகளில் தலைக்கு 20,000 முதல் 40,000 யென் வரை ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவு ‘கைசெகி’ முறையில், சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஒவ்வொன்றாக வரும். அன்றைக்கு எத்தனை பேர், யார் யாருக்கு என்ன என்று கணக்குப் பார்த்துத்தான் சமையற்காரர் பொருள் வாங்குகிறார். அதனால் கடைசி நேரத்தில் மாற்றிக் கேட்டால் அவரால் செய்து தர இயலாது.

மீன் துண்டு கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். ‘தாஷி’ கண்ணுக்குத் தெரியாது. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு அது. கட்சுவோ என்னும் மீனை வேகவைத்து, புகையூட்டிக் கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, இழைப்புளியில் சீவிய மரச்சுருள் போன்ற மெல்லிய சீவல்களாக்கி, வெந்நீரில் போட்டு வடிகட்டுவார்கள். மிசோ சூப்பில் அது இருக்கும். பூசணியும் முள்ளங்கியும் வேகும் குழம்பில் இருக்கும். மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றிலும் இருக்கும். பார்வைக்கு எல்லாம் காய்கறிதான். சமைத்தவரும் அதைக் காய்கறி உணவு என்றே நினைத்துத் தருவார். ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது.

ஆகவே விடுதிக்கு எழுதும்போது ‘வெஜிடேரியன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை வேண்டாம். மீன் தாஷியும் வேண்டாம். கடற்பாசியிலோ ஷீட்டாகே காளானிலோ எடுத்த தாஷி சம்மதம். பாலும் சம்மதம் என்று பிரித்து எழுதுங்கள். நேரில் சொல்வதற்கு இந்த இரண்டு வரிகளைக் கைவசம் வைத்திருங்கள்: “நிகு, சகானா, தமாகோ வா தபெராரெமாசென். கட்சுவோ நோ தாஷி மோ தபெராரெமாசென்.” இறைச்சி, மீன், முட்டை சாப்பிட முடியாது, கட்சுவோ தாஷியும் முடியாது என்று பொருள்.

சமையலறையில் விசாரித்து, எதைத் தர முடியும், எதை முடியாது என்று விவரமாகப் பதில் எழுதும் விடுதியை நம்பிப் போகலாம். முடியாது என்று பதில் வந்தால் வற்புறுத்த வேண்டாம். அது நேர்மையான பதில். நன்றி சொல்லிவிட்டு அடுத்த விடுதியைப் பாருங்கள். எதுவுமே அமையாவிட்டால் ‘சுதோமாரி’ என்று கேளுங்கள். உணவில்லாமல் தங்க மட்டும் பதிவு செய்யும் முறை அது. ஆனால் மலையோர ஊர்களில் கடைகள் மாலையிலேயே மூடிவிடும். டோக்கியோவிலேயே சாப்பாடு வாங்கிக் கையில் எடுத்துப் போய்விடுங்கள்.

ஊர் என்று கேட்டால், உங்கள் பயணத்துக்கு நான் சொல்வது ஹகோனே. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ரோமான்ஸ்கார் ரயிலில் ஏறினால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோத்தோவில் இறங்கலாம். கியோட்டோ செல்லும் வழியிலேயே இருப்பதால் திரும்பி வரும் அலைச்சல் இல்லை. வெளிநாட்டார் அதிகம் வருவதால் சைவம் பற்றிக் கேட்டுப் பழகிய விடுதிகளும் இங்கே உண்டு. பெரிய பெட்டிகளைத் தூக்கிப் போகாதீர்கள். டோக்கியோ ஹோட்டல் வரவேற்பறையில் கொடுத்தால் ‘தக்யுபின்’ சேவை அவற்றை நேரே கியோட்டோ ஹோட்டலுக்குக் கொண்டு சேர்க்கும். பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும். ஓர் இரவுக்கு வேண்டிய சிறு பை போதும். ஏப்ரல் 29-ஐ ஒட்டித் தொடங்கும் ‘கோல்டன் வீக்’ விடுமுறையையும் சனிக்கிழமைகளையும் தவிர்த்துவிடுங்கள். கட்டணமும் கூட்டமும் எகிறிவிடும்.

சைவம்தான் எல்லாவற்றுக்கும் முதல் என்றால் கொயாசானையும் யோசிக்கலாம். 816-இல் கூகாய் என்ற துறவிக்கு அரசர் அளித்த மலை அது. அங்கே கோயில்களே விருந்தினரைத் தங்க வைக்கின்றன. உணவு ‘ஷோஜின் ரியோரி’: மீனும் இல்லை, மீன் தாஷியும் இல்லை, வெங்காயம், பூண்டு கூடக் கிடையாது. எள் டோஃபு அங்கே மிகப் பிரசித்தம். ஆனால் அந்த மலை வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போனதல்ல. பெரும்பாலான கோயில்களில் சாதாரண வெந்நீர்தான். நீங்கள் கேட்டது ஊற்றுக் குளியல் என்பதால் ஹகோனேயையே முதலில் சொல்கிறேன்.

இனிக் குளியல். பொதுக்குளத்தில் நீச்சலுடை உட்பட எந்த ஆடையும் கூடாது என்பது உறுதியான விதி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள். கூச்சத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘கஷிகிரி’ எனப்படும் தனிக்குளம். கதவைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடோ தனியாகவோ முக்கால் மணி நேரம் போலக் குளிக்கலாம். சில விடுதிகளில் இது இலவசம், சிலவற்றில் தனிக் கட்டணம். போய்ச் சேர்ந்தவுடன் நேரத்தைக் குறித்து வைத்துவிடுங்கள். மற்றொன்று, அறையோடு சேர்ந்த தொட்டி. இதற்கு விலை அதிகம். அதோடு சில விடுதிகளில் அறைத் தொட்டியில் வருவது சாதாரணக் குழாய்நீர். ஊற்று நீர்தானா என்று எழுதிக் கேட்ட பிறகே கூடுதல் பணம் கொடுங்கள். மூன்று பேருக்குக் கஷிகிரியே தாராளம் என்பது என் அபிப்பிராயம்.

தனிக்குளம் என்றாலும் முறை ஒன்றுதான். முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, நுரை முழுதும் போன பிறகே நீரில் இறங்க வேண்டும். கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள், துண்டை நீருக்குள் கொண்டுபோகாதீர்கள், தொட்டியைத் திறந்து வடித்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின் வரும் குடும்பமும் அதே நீரில்தான் இறங்கும்.

இறங்கும் முன் நகைகளைக் கழற்றி அறைப் பெட்டகத்தில் வைக்கச் சொல்லுங்கள். கந்தகம் கலந்த நீர் பட்டால் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் சற்று நேரத்தில் கறுத்துவிடும். 22 காரட் தங்கத்திலும் செம்போ வெள்ளியோ கலந்திருப்பதால் அதுவும் மங்கக்கூடும். தாலிக்கொடியைக் கழற்ற மனைவிக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அந்த ஒரு நாளுக்கு மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளலாம். யுமோத்தோவில் பெரும்பாலும் தெளிந்த நீர்; மேலே கோரா, செங்கோகுஹாரா பக்கம் ஓவாகுதானி என்னும் எரிமலைப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பால்நிறக் கந்தக நீர் உண்டு.

அம்மாவின் சர்க்கரை விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி இருக்கும். நீண்ட கால சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சூடு தெரியாது. ஆகவே அவர் காலை வைக்கும் முன் உங்கள் மனைவி கையால் சோதித்துப் பார்க்கட்டும். ஐந்து, பத்து நிமிடம் போதும், மெதுவாக எழுந்திருக்க வேண்டும், தனியாக விடக் கூடாது. வெறும் வயிற்றோடும் வேண்டாம், உண்ட உடனேயும் வேண்டாம். அறைக்குப் போனதும் மேசையில் தேநீரும் ஓர் இனிப்பும் இருக்கும். வெறும் வயிற்றோடு குளியலுக்குப் போகாமலிருக்கத்தான் அது என்பார்கள். மாத்திரை நேரத்தைக் கணக்கிட்டு அதில் கொஞ்சம் கொடுக்கலாம்.

முழங்காலுக்கு, கட்டில் போட்ட அறையும் நாற்காலி மேசையில் உணவும் வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் தாதாமி பாயில் மெத்தை விரிப்பார்கள், தரையில் அமர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். தாதாமியில் செருப்பு மட்டுமல்ல, வீட்டுச் செருப்பும் கூடாது. விடுதி தரும் ‘யுகாதா’ என்னும் பருத்தி அங்கியை உடுத்தியே உணவுக்கூடத்துக்குப் போகலாம். வலப்பக்கத்தின் மேல் இடப்பக்கம் வர வேண்டும், மாற்றிக் கட்டுவது இறந்தவருக்கு. அம்மா சேலையிலேயே இருந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

மாலை மூன்று மணிக்கே போய்ச் சேருங்கள் என்பதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பலர் ஹகோனே முழுக்கச் சுற்றிவிட்டு ஏழு மணிக்கு ஓடி வருகிறார்கள். அதற்குள் ஆறு, ஆறரைக்குக் குறித்த உணவு காத்திருந்து ஆறிப்போகும், தனிக்குளத்தின் நல்ல நேரங்கள் எல்லாம் போய்விடும். கொடுத்த பணத்துக்கு உரிய சுகம் அந்த மூன்று மணிக்கும் மறுநாள் பத்து மணிக்கும் இடையில்தான் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பொதுக்குளத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பல நாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனால் வாசல் திரையைப் பார்த்து நுழையுங்கள். இரவில் ஆண்களுக்கென இருந்த குளத்தைக் காலையில் பெண்களுக்கு மாற்றிவிடும் விடுதிகள் நிறைய.

புறப்படும்போது குளியல் வரி என்று தலைக்குப் பொதுவாக 150 யென் தனியாகக் கேட்பார்கள். அது சட்டப்படியான வரி. டிப்ஸ் தர வேண்டியதில்லை. ஹகோனேயிலிருந்து கியோட்டோ போக, ஒடவாரா நிலையத்தில் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறும்போது, அதில் நொசோமி என்னும் வகை அங்கே நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். கொதாமா வகை ரயில்கள் எல்லாம் நிற்கும், ஹிகாரி வகையில் சில மட்டுமே நிற்கும். அந்த ஹிகாரிகளின் நேரத்தைப் பார்த்து முன்னதாகவே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.