இல்லாத குறள்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். முதலாண்டு மாணவி ஒருத்தி தன் கட்டுரையில் ஒரு குறளை எண்ணோடு மேற்கோள் காட்டியிருந்தாள். ஏழு சீர், எதுகை எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் 1330 குறள்களில் அது இல்லை. கேட்டபோது, சாட்ஜிபிடி கொடுத்தது என்றாள். இந்த இயந்திரம் ஏன் இப்படிப் பொய் சொல்கிறது? வகுப்பில் இதற்குத் தடை போட்டுவிடலாமா?

தமிழாசிரியை ஒருவர், திருநெல்வேலி

அன்புள்ள ஆசிரியைக்கு,

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி திருக்குறளைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. ஏராளமான எழுத்தைக் கொடுத்து, அடுத்து எந்தச் சொல் துண்டு வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கிய நிரல் அது. 'கற்க கசடற' என்று தொடங்கினால் மீதி பிசகாமல் வந்துவிடும். இணையத்தில் அந்தக் குறள் அத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் புழங்காத குறளைக் கேட்டால் பிடி தளர்கிறது. அப்போதும் அது பெரும்பாலும் நிற்பதில்லை, குறள் போல ஒலிக்கும் சீர்களைக் கொண்டு இடத்தை நிரப்பிவிடுகிறது. சரியான குறளும் இல்லாத குறளும் ஒரே வழியில் பிறப்பதால், இரண்டும் ஒரே உறுதியோடு நம் முன் வருகின்றன.

அதனிடமே திரும்பக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2023இல் நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்துக் காயம்பட்ட பயணி ஒருவர் ஏவியங்கா நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்திருந்தார். அவருடைய வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகள் சிலவற்றைக் காட்டி மனு தாக்கல் செய்தார்கள். அவற்றுள் ஒன்று, வர்கீஸ் என்பவர் ஒரு சீன விமான நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு. இது உண்மையான வழக்கா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டபோது, ஆம் என்றது. மற்றவையும் சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்றது. ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கறிஞர்கள் இருவருக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் சேர்த்து நீதிபதி 5000 டாலர் அபராதம் விதித்தார். எந்தெந்த நீதிபதிகளின் பெயரில் போலித் தீர்ப்புகள் இருந்தனவோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதச் சொன்னார்.

அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடிப் பார்த்தார், பிடிபட்டது. உங்கள் மாணவியின் கட்டுரையை நீங்கள் பார்த்தீர்கள். பார்க்க ஆளில்லாத கட்டுரைகளை நினைத்தால்தான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. அந்தக் குறள் நாளை ஒரு வாழ்த்துப் படத்தில் ஏறும், வாட்ஸ்அப்பில் சுற்றும், இணையத்தில் தங்கும். அடுத்த மாதிரியைப் பழக்க எழுத்தைத் திரட்டும்போது அதுவும் சேர்ந்து போகலாம். ஆங்கிலத்தில் மலையளவு எழுத்து இருக்கிறது. சில போலிகள் அதில் அமிழ்ந்துவிடும். இணையத்தில் தமிழ் எழுத்து அவ்வளவு இல்லை. இங்கே ஒவ்வொரு போலிக்கும் கனம் அதிகம்.

தடை வேண்டாம், வகுப்புக்கு வெளியே அது செல்லாது. மேற்கோள் காட்டுபவர் மூலநூலின் பக்கத்தையும் கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். அச்சுப் பிரதி இல்லாதவர்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறார்கள். அந்த மாணவியை முதலில் அங்கே அனுப்புங்கள். அவள் எழுதிய எண்ணில் உண்மையாக இருக்கும் குறள் எது என்று எடுத்து வந்து, வகுப்பில் அதற்கு அவளே பொருள் சொல்லட்டும்.