சட்டத்தரணி அலுவலகத்தில் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: உயர்தரம் முடித்துவிட்டேன். ஹற்றனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு உதவியாளர் தேவையாம். சட்டம் படிக்காத நான் போகலாமா? என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?
– தோட்டத்து வாசகி ஒருவர்

பதில்: தாராளமாகப் போங்கள், தங்கச்சி. பட்டம் கட்டாயமில்லை. ஆனால் சிங்களம் வாசிக்க வராவிட்டால் இன்றைக்கே தொடங்குங்கள். வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். வழக்கேடும் அதில்தான் இருக்கும். தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. அதைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். விஜேசேகர விசைப்பலகையில் சிங்களத் தட்டச்சும் பழகிக்கொள்ளுங்கள்.

மலையகத்தில் உங்களிடம் அதிகம் வரப்போவது பெயர்ச் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் 'முத்துலட்சுமி', அடையாள அட்டையில் 'முத்துலெச்சுமி', ஊழியர் சேமலாப நிதியில் (EPF) வெறும் 'லெச்சுமி'. மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து கையொப்பமிடும் எழுத்து வாக்குமூலம்) தயாரிக்கும்போது, ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ள எழுத்தை அப்படியே இறக்குங்கள். பிழை என்று நீங்களாகத் திருத்தினால் கடதாசி பயனற்றுப் போகும். கையொப்பத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கவும் கூடாது. சமாதான நீதவானுக்கோ சத்தியப் பிரமாண ஆணையாளருக்கோ முன்னால்தான் வைக்க வேண்டும். அதற்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். வெற்றுத்தாளில் பெருவிரல் ரேகை எடுக்கச் சொன்னால், யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

அடுத்தது திகதி. வேலைநீக்கம் பற்றித் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத் துரையுடன் (முகாமையாளருடன்) பேச்சு நடக்கிறது என்று காத்திருந்தே பலர் அதைத் தவறவிடுகிறார்கள். ஆகவே வருபவரிடம் முதலில் நிறுத்திய திகதியைக் கேட்டு, கடிதத்தைப் பிரதி எடுங்கள். சேவைக்காலப் பணக் கணக்கும் தெரிந்திருக்கட்டும்: நாட்கூலிக்காரர் 5 வருடம் முடித்திருந்தால் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருடம் என்றால் 280 நாள். வேலை முடிந்து 30 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும்.

வழக்குத் தவணையை நீதிமன்றத்திலேயே குறித்துவிடுங்கள். இலக்கம், அடுத்த திகதி, எதற்கான தவணை, மூன்றும். வழக்கு வெல்லுமா என்று கேட்பார்கள். அந்தப் பதில் சட்டத்தரணியுடையது.

சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அலுவலகம் 12 வீதம் சேமலாப நிதிக்குப் போக வேண்டும்.